கார்னெட் தீர்த்தம்

மருதூரணி என்று ஒரு ஊர். ஊர் என்றால் கோபித்துக்கொள்வார்கள், சமஸ்தானம் என்று சொல்ல வேண்டும். ஜமீன் ஒழிந்து, ஜமீன் கட்டடத்து ஓடுகளும் ஒழிந்து, குதிரை லாயத்தில் ரேஷன் கடை வந்து, அந்தப்புரத்தில் கூட்டுறவு வங்கி வந்து, அந்த வங்கியும் மூடிப்போன பிறகும், மருதூரணிக்காரன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் ‘நமக்குச் சமஸ்தானம்’ என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான், அந்த மனுசன் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் நடிக்கும்வரை விடமாட்டான். அப்பேர்ப்பட்ட ஊரின் அரண்மனை அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த, கார்னெட் என்கிற பித்தளை ஊதுகுழல் ஒன்று, ஆனி மாதத்து வெள்ளிக்கிழமைக் காலையில், ஊதுகிற ஆள் இல்லாமலே, ஊதிய ஆள் செத்து மண்ணோடு மண்ணாகிப் போன பிறகு, எச்சில் விட ஆரம்பித்தது.

ஏன் விட்டது என்று என்னைக் கேட்காதீர்கள். ஆடி மாதம் காற்று ஏன் அடிக்கிறது என்று யாராவது கேட்கிறோமா? விட்டது, அவ்வளவுதான்.

முதலில் பார்த்தது சாந்தசீலி. அருங்காட்சியகத்தின் காப்பாளர் அவள்தான். சென்னையில் படித்தவள், கீழத்தெருக்காரி, வேறு எங்கேயும் வேலை கிடைக்காமல் இல்லை, வீம்புக்கென்றே சொந்த ஊரில் வந்து இந்த வேலையில் உட்கார்ந்தவள். என்ன வீம்பு என்றால், அந்தக் கார்னெட்டை ஊதியவன் அவளுடைய பூட்டன் ஏசுவடியான். ஆனால் பெட்டிக்குக் கீழே இருந்த பலகையில் ‘மகாராஜா அவர்கள் வாசித்த கார்னெட்’ என்று எழுதியிருந்தது. அந்தப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, ‘வாசித்தவர்: ஏசுவடியான், கீழத்தெரு’ என்று எழுதிவைக்க வேண்டும். அவள் ஆசை அது ஒன்றுதான். கேட்டுக்கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ‘பாப்போம்’ என்பார் அரண்மனை. ஜமீன்தார் பேரன் மருதப்ப பூபதியைத்தான் ஊரில் எல்லாரும் அரண்மனை என்று கூப்பிடுவது. எச்சில் கையால் காக்கா விரட்டாத மகராசன், அவர் ‘பாப்போம்’ என்றால் பார்க்கமாட்டார் என்று அர்த்தம்.

அந்த வாத்தியங்கள் வந்த கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைக்கார கவர்னர் ஊருக்கு வருகிறான் என்றதும், தாத்தா ஜமீன்தார், பலகையில் இருக்கிற அந்த மகாராஜாதான், சீமையிலிருந்து கார்னெட், கிளாரினெட், தூண் கனத்தில் பஸூன் என்று கப்பலில் வரவழைத்துவிட்டார். வந்த பிறகுதான் யோசனை வந்தது, யார் ஊதுவது? வாயில் வைத்து எச்சில்படுத்துகிற சாமானை மேலத்தெருக்காரன் தொடுவானா? மிஷன் அநாதை இல்லத்தில் பேண்டு வாசிக்கப் படித்திருந்த கீழத்தெரு ஆட்களைக் கூப்பிட்டு, முற்றத்துக்கு இந்தப் பக்கம் வராதே என்று கோடு போட்டு நிறுத்தி, ஊதச் சொன்னார்கள். ஊதி முடித்ததும் வாத்தியம் அரண்மனைக்குள் போய்விடும், வாய் வைக்கிற முனையை, கார்னெட்டுக்கு அது பித்தளைக் குமிழ், மட்டும் கழற்றி ஊதியவனிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்தவன் எச்சில் அரண்மனைக் கூரைக்குக் கீழே ராத்தங்கக் கூடாதாம். அதனால்தான் அங்கே இருந்த ஒரு வாத்தியத்துக்கும் வாய் கிடையாது.

இப்போது அந்த வாயில்லாத கார்னெட்டின் வளைவில், தண்ணீர் வடிப்பதற்கென்றே இருக்கிற குட்டிச் சாவிக்கடியில், சொட்டு நின்று, கனத்து, விழுந்தது. சாந்தசீலி பெட்டியைத் திறந்து விரலில் ஏந்தி மோந்து பார்த்தாள். இஞ்சியும் வெற்றிலையும் கலந்த மூச்சு வாடை, இப்போதுதான் ஊதி முடித்ததுபோல் வெதுவெதுப்பு. அவளுக்கு ஆச்சரியமும் வரவில்லை, பயமும் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. “அட பாவி மனுசா, இன்னுமா ஊதுதீரு?” என்றாள்.

சிரித்த வாய் மூடுவதற்குள் கோமதிநாயகம் வந்துவிட்டார். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், ஓசிப் பேப்பருக்கும் ஓசிக் காற்றுக்கும் தினமும் காலையில் அருங்காட்சியகத்துக்கு வந்து, மின்விசிறிக்குக் கீழே இருக்கிற ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரில் உள்ள தப்பை எல்லாம் திருத்திவிட்டுப் போகிற ஆள். சொட்டு விழுவதைப் பார்த்தார். இவள் தடுப்பதற்குள் விரலால் தொட்டார், நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார்.

“தேனா இனிக்கி” என்றார்.

“சார், அது வந்து...”

“பேசாத. இனிக்கி. முட்டுவலி போயிட்டும்மா சாந்தசீலி! இந்தா பாரு!” என்று வேட்டியை மடித்துக் கட்டி, அங்கேயே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து காட்டினார். மேலே சுவரில் மாட்டியிருந்த மகாராஜா போட்டோவைப் பார்த்துக் கும்பிட்டார். “பெரிய அரண்மனையோட மூச்சுல்லா இது! மூச்சு தீர்த்தமா எறங்குது!”

மதியத்துக்குள் ஊரே திரண்டுவிட்டது. எச்சில் என்று ஒருத்தனுக்குக்கூடத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். எப்படித் தோன்றும்? குழலில் மூச்சுவிட்டால் உள்ளே தண்ணீர் சேரும் என்பது ஊதுகிறவனுக்குத்தான் தெரியும். மேலத்தெருவில் யாராவது ஊதியிருந்தால்தானே! தலைமுறை தலைமுறையாக எட்ட நின்று கேட்டு, ‘நல்லா வாசிச்சான்’ என்று தலையாட்டி, வெற்றிலையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போன சனத்துக்கு, வாசிக்கிறவன் பாட்டுக்குப் பாட்டு நடுவில் குழலைச் சாய்த்துச் சாவியை அழுத்தித் தரையில் எதைக் கொட்டினான் என்று குனிந்து பார்க்க என்ன தலையெழுத்து? கீழத்தெருவில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும் அது என்னவென்று. ஆனால் அந்தத் தெருவில் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. சேதி வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தார்கள் பாருங்கள், புரையேறி இரண்டு பேரை முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

சாந்தசீலியும் வாயைத் திறக்கவில்லை. திறப்பதாக இருந்தாள், ஆனால் மேலத்தெருப் பெரிய மனுசர்கள், கீழத்தெருக்காரன் குடித்த டம்ளரை நெருப்பில் வாட்டி எடுக்கிற குடும்பத்துக்காரர்கள், சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் குவித்து ஏசுவடியான் எச்சிலுக்கு நிற்கிற அழகைக் கண்டபோது, கண்கொள்ளாக் காட்சி, இதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். தினமும் காலையில் பெட்டியைத் திறப்பாள், ஓரமாக நிற்பாள், ‘குடிங்கய்யா, நல்லாக் குடிங்க, வயிறு ரொம்பக் குடிங்க’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அந்தச் சில வாரங்களில் அவளுக்கு உடம்பு தேறிவிட்டது.

ஊர் அதிசயத்தை எப்படித் தின்று செரித்தது என்று சொல்லவா? தீர்த்தக் கமிட்டி போட்டார்கள். கமிட்டித் தலைவர் கோமதிநாயகம். வெள்ளிக் கரண்டி வந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் பேனா முனையில் தொட்டுவைத்தார்கள், புது டிராக்டரின் ரேடியேட்டரில் ஒரு சொட்டு விட்டார்கள், பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டுவைக்கத் தேன் போய்த் தீர்த்தம் வந்தது, நிச்சயதார்த்தத் தட்டில் சின்னக் குப்பி ஏறியது, வெளிநாட்டில் இருக்கிற மகன்களுக்குப் பார்சல் போயிற்று. கிளாரினெட்டும் சொட்ட ஆரம்பித்தது, வெற்றிலைச் சிவப்பில், அதைக் குங்குமத் தீர்த்தம் என்று சொல்லிப் பெண்கள் வகிட்டில் வைத்தார்கள். பஸூன் வாசித்த ஆள் மகா குடிகாரன் போலிருக்கிறது. அதிலிருந்து வந்தது சாராய நெடி அடித்தது, அதற்குக் காரத் தீர்த்தம் என்று பெயர் வைத்து, ஆம்பிளைகள் சாயங்காலம் மட்டும் பயபக்தியோடு வாங்கிக் குடித்தார்கள். யார் முதலில் குடிப்பது என்று மேலத்தெருவின் இரண்டு வகையறாக்களுக்குள் மண்டை உடைந்தது. உடைந்த மண்டைக்கும் அதையே தடவினார்கள்.

கீழத்தெருவுக்கும் உண்டு என்று கமிட்டி பெரிய மனசு பண்ணியது. கடைசி வரிசை, தனி வரிசை.

சாந்தசீலியின் அம்மா ஞானப்பூவுக்கு அந்த வரிசையில் போய் நிற்க வேண்டும் என்று ஆசை வந்தது. “எங்க தாத்தா எச்சி எனக்கென்ன அசிங்கமா? மடியில போட்டுக் கொஞ்சுன மனுசன். ஒரு வாய் குடிச்சிட்டு வாரேன்” என்று போனாள். போனவள் திரும்பி வந்து, அடுக்களையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முழங்கை வரைக்கும் வழிந்து முந்தானை நனைந்திருந்தது.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லளா. ஒசரத் தூக்கி ஊத்துதான். கரண்டி எங்கையில பட்டுருமாம். பாதி கீழ போச்சு.” முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள், “எங்க தாத்தா எச்சிய எனக்கு எட்ட நின்னு ஊத்துதானுவ, பாத்தியா?”

சாந்தசீலிக்கு அதோடு சிரிப்பு நின்றுபோயிற்று. வேடிக்கை பார்த்த நாளெல்லாம் தான்தான் அவர்களுக்கு வேடிக்கையாகி நின்றிருக்கிறோம் என்று தோன்றியது.

அந்த வாரமே அரண்மனை கூப்பிட்டனுப்பினார். கார்னெட்டுக்குத் தங்கக் கவசம் செய்யப் போகிறார்களாம், கண்ணாடிப் பெட்டி இருக்கிற அறை கருவறை ஆகிறதாம், ஆவணியில் கும்பாபிசேகமாம், ‘மூச்சு தந்த மகாராஜா’ என்று பளிங்கில் வெட்டி வைக்கிறார்களாம். “பெட்டிச் சாவிய ஹெட்மாஸ்டர்ட்ட குடுத்திரும்மா” என்றார். “நீ வெளிய டிக்கெட் கவுண்டர்ல இருந்துக்கோ. சாமி அறையாயிட்டுல்லா, உள்ள வந்தா நல்லாருக்காது. நீ படிச்ச புள்ள, ஒனக்குச் சொல்லணுமா?”

பலகையில் பேர் வைக்க வந்தவளுக்குக் கடைசியில் அறைக்குள்ளேயே இடமில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “நாளைக்குக் கமிட்டிக் கூட்டத்துல எல்லாத்தையும் போட்டு ஒடச்சிரப் போறேன்” என்றாள்.

“கூறுகெட்டுப் போகாதளா. மல்லாக்கப் படுத்துக்கிட்டு துப்புனா நம்ம மாருலதான் விழும். யார் எச்சின்னு தெரிஞ்சா அந்தக் கொழல அடிச்சு நொறுக்கிருவானுவ. பேருக்கு ஆசப்பட்டு பொருளயும் விட்டுட்டு நிக்காத.”

“நொறுக்கட்டும். குடிச்சதெல்லாம் வாந்தியெடுத்துட்டு நொறுக்கட்டும்.”

சொன்னதைச் செய்தாள். தர்பார் மண்டபத்தில் ஊர் நிறைந்த கூட்டத்தில், மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, தண்ணீர்ச் சாவி என்றால் என்ன, மூச்சு எப்படிக் குழாயில் தண்ணீர் ஆகிறது, பாட்டுக்குப் பாட்டு அதை எப்படி வடிப்பார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, பெட்டி அறையிலிருந்து கமிட்டி கொண்டுவந்து சுவரில் மாட்டியிருந்த மகாராஜா போட்டோவைக் காட்டினாள். “நல்லாப் பாருங்க. மகாராஜா கார்னெட்ட வாயில வச்சிருக்காரு. அந்தக் கொழல்ல வாய் வைக்கிற குமிழே இல்ல. வெறும் குழாயக் கவ்விக்கிட்டு போட்டோவுக்கு நிக்காரு. அதுல ஒரு சத்தம் வராது. குமிழு எங்க வீட்டுல இருந்துச்சு, ஏன்னா எங்க எச்சி இங்க இருக்கப்படாதுன்னு குடுத்தனுப்புனது ஒங்க தாத்தாமாருதான். இவ்வளவு நாளு நீங்க குடிச்சது எங்க பூட்டன் ஏசுவடியானோட எச்சி. கீழத்தெரு ஏசுவடியான் எச்சி!”

எல்லாரும் போட்டோவைப் பார்த்தார்கள். எத்தனையோ வருசமாக அதற்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்த கோமதிநாயகமும் பார்த்தார். பின்வரிசையில் ஒருத்தன் ஓங்கரித்தான். ஒரு அம்மாள் மகளின் வகிட்டை முந்தானையால் தேய்த்தாள். ஊரிலேயே அதிகம் குடித்தவர் கோமதிநாயகம்தான். அவர் முகம் வெளுத்து, சிவந்து, பச்சையாகி, கடைசியில் என்னவோ பிடி கிடைத்ததுபோல் தெளிந்தது. படித்த மூளை இருக்கிறதே, அது தப்பிக்கிற சந்து பெருச்சாளிக்குக்கூடத் தெரியாது.

“அந்தப் புள்ள சொல்றது வாஸ்தவந்தான்” என்று எழுந்தார். “ஏசுவடியான்தான் ஊதியிருக்கான். இருக்கட்டும். ஆனா ஊதச் சொன்னது யாரு? வாத்தியம் யாரோடது? அவன் தின்ன சோறு யாரோடது? சோறுதானய்யா மூச்சாகுது! நான் ஒண்ணு கேக்கேன், குழாய்ல தண்ணி வருது, தண்ணி குழாய்க்கா சொந்தம்? கெணத்துக்காரனுக்குத்தான சொந்தம்? அரண்மனை மூச்சு அவன் வழியா வந்திருக்கு. அவ்வளவுதான் விசயம்.”

ஐயோ, அந்த மண்டபம் விட்ட பெருமூச்சைக் கேட்டிருக்க வேண்டும். ஓங்கரித்தவன் விழுங்கிக்கொண்டான். வகிட்டைத் தேய்த்த அம்மாள் மறுபடி தடவிவிட்டாள். ஊர் வாயை மூடத்தான் உலைமூடி கிடையாது. மூளையை மூட எத்தனையோ மூடி இருக்கிறது. “அப்ப ஏசுவடியானும் லேசுப்பட்ட ஆள் இல்லவே” என்று ஒரு குரல். “பொறப்புதான் கொறையாப் போச்சு, இல்லன்னா ரிஷிதான்” என்று இன்னொன்று. அரண்மனை உருகிப்போனார். “அந்தப் புள்ள ரொம்ப நாளாப் பேரு கேட்டுக்கிட்டிருக்கு. பேரும் வச்சிருவோம்” என்றார்.

வைத்தார்கள். கும்பாபிசேகத்துக்கு முன்னாலேயே சிலை வந்து இறங்கியது. மேலே மகாராஜா கார்னெட்டும் கையுமாகச் சம்மணமிட்டிருக்க, கீழே ஒருத்தன் முட்டுக் குத்திக் குனிந்து, முதுகைக் கொடுத்து அவரைத் தாங்கிக்கொண்டிருந்தான். பிள்ளையாருக்கு மூஞ்சூறு, முருகனுக்கு மயில், மகாராஜாவுக்கு அவன். பளிங்கில் பொன் எழுத்தில், ‘வாகனம்: ஏசுவடியான், கீழத்தெரு.’

சாந்தசீலி அரண்மனை வீட்டுக்கே போய்க் கத்தினாள். “அந்தப் பேர எடுங்க. எங்களுக்குப் பேரே வேண்டாம். எடுங்க!”

“என்னம்மா இது, பேரு வேணும்னு நீதான கேட்ட?” என்றார் அரண்மனை, நிஜமாகவே மனசு நொந்து. “ஒங்காளுக்கு சாமிக்குப் பக்கத்துலயே எடம் குடுத்திருக்கோம். ஊர்ல வேற எவனுக்குக் கிடைச்சிருக்கு? நன்றின்னு ஒண்ணு வேணும்மா.”

நொறுக்கியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள்போல் அன்றைக்கு அழுதாள். நான் சொன்னேனே என்று சொல்லுகிற சாதியில்லை ஞானப்பூ.

கும்பாபிசேகத்தன்று காலை அம்மாவும் மகளும் போனார்கள். வாகனத்தின் வாரிசுகள் என்று அழைப்பு வந்திருந்தது. கருவறை வாசற்படிக்கு வெளியே நிற்க இடமும் கொடுத்திருந்தார்கள். மேளம் கொட்டியது, மந்திரம் சொன்னார்கள், தங்கக் கவசம் மாட்டிய கார்னெட்டைப் பட்டுத் தலையணையில் நிமிர்த்தி வைத்து, முதல் தீர்த்தத்துக்கு அரண்மனையை அழைத்தார்கள். அவர் குனிந்து, சாவிக்கடியில் உள்ளங்கையைக் குவித்து, குழலின் புனல்போல் விரிந்த முன்வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார்.

கார்னெட் சொட்டவில்லை. உள்ளே எங்கேயோ, குழலின் சுருள் சுருளான குடலுக்குள், தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. நீளமாகக் காறியது. காறி, முழு மூச்சையும் சேர்த்து, அரண்மனையின் மூஞ்சியில் துப்பியது.

நெற்றித் திருநீறு கரைந்து மூக்கில் வழிந்தது. மேளம் நின்றது. சாந்தசீலியின் கை அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தது. இப்போதாவது, கடவுளே, இப்போதாவது இந்தச் சனத்துக்கு உறைக்குமா?

அரண்மனை மெதுவாக நிமிர்ந்தார். துடைக்கவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. “பாத்தீங்களா!” என்றார், குரல் தழுதழுக்க. “எத்தன பேரு இருக்கீங்க, யாருக்காவது இப்படி வந்துச்சா? எனக்குத்தான மொத மரியாதை!”

அவ்வளவுதான், அணை உடைந்தது. சொட்டுத் தீர்த்தம் போய் இது பெரிய தீர்த்தம், நேர் தீர்த்தம் என்று, கோமதிநாயகம் முண்டியடித்துப் போய் முகத்தை நீட்டினார், காறித் துப்பியது. ஊர்க் கோயில் தர்மகர்த்தா நீட்டினார், துப்பியது. கிளாரினெட் சிவப்பாகத் துப்பியது, பஸூன் நாற்றமடிக்கத் துப்பியது. புருசன்மார் பெண்டாட்டிகளைத் தூக்கிக் காட்டினார்கள், பெற்றவர்கள் பிள்ளைகளின் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்கள், துப்பல் பட்டவர்கள் படாதவர்களை ஏளனமாகப் பார்த்தார்கள், எட்டாதவர்கள் எம்பி எம்பிக் குதித்தார்கள். வாத்தியங்களும் சளைக்கவில்லை, அத்தனை தலைமுறைக்குச் சேர்த்து வைத்திருந்தது கொஞ்சமா?

“ஏளா,” என்றாள் ஞானப்பூ, மகள் காதோரம், “பளிங்குல என்னமும் எழுதிட்டுப் போறானுவ. அவுக மூஞ்சியில தாத்தா எழுதிட்டாருல்லா.” சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும், முந்தானையால் மறைக்காமல் சிரித்தாள்.

கடைசியாக வாகனத்தின் வாரிசுகளையும் கூப்பிட்டார்கள். வாசற்படிக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு வசதியாகத் தலையணையோடு தூக்கி வந்து, எட்ட நின்று, கார்னெட்டின் வாயைச் சாந்தசீலியின் முகத்துக்கு நேராகத் திருப்பினார்கள். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. திருகிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், சாவியை அழுத்திப் பார்த்தார்கள். குழல் வறண்டு கிடந்தது. ஞானப்பூவுக்கு நேராகத் திருப்பினார்கள். அதற்கும் ஒரு சொட்டு இல்லை.

கூட்டம் உச்சுக் கொட்டியது. “பாவம், குடுத்து வைக்கல” என்றாள் ஒருத்தி, நனைந்த கன்னத்தோடு. அரண்மனைக்கே மனசு கேட்கவில்லை. தாடையில் சொட்டச் சொட்டப் படிவரைக்கும் வந்து, “வருத்தப்படாதம்மா. நல்லாக் கும்பிட்டுக்கோ, அடுத்த வருசம் ஒனக்கும் விழும்” என்றார்.

“விழாது அரண்மனை” என்றாள் சாந்தசீலி. ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்றே சொன்னாள். “எங்க பூட்டனுக்கு யார் மேல துப்பணும்னு தெரியும்.”

“எவ்வளவு பணிவு பாத்தீங்களா!” என்றார் கோமதிநாயகம் கூட்டத்தைப் பார்த்து, கன்னத்தில் வழிந்ததை விரலால் வழித்து நாக்கில் தடவிக்கொண்டே.